அபிதகுசாம்பாள் தலைகீழாக வரைந்த வானம்

ஆரணி கொசப்பாளையத்தில் அபிதகுசாம்பாளிடம் புடவை டிசைன் கேட்டுப் போகிறவர்கள் டிசைனோடு நாலைந்து கேள்விகளையும் வாங்கிக்கொண்டுதான் திரும்புவார்கள். மாங்காய் போடச் சொன்னால், காம்போடு வேண்டுமா காம்பில்லாமல் வேண்டுமா, காம்பு இருந்தால் இலை ஏன் இல்லை என்று கேட்பாள். அன்னம் என்றால், நீந்துகிற அன்னமா நடக்கிற அன்னமா என்பாள். சிலருக்கு இது பேஜார்தான். ஆனாலும் திரும்பத் திரும்ப அவளிடமே வருவார்கள். அவள் கட்டம் எண்ணிக் கொடுத்த டிசைன் தறியில் ஏறிய பிறகு ஓர் இழை கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்ற பேச்சு வந்ததில்லை.

எட்டாம் வகுப்பு முடித்ததும் வேலைக்கு வந்தவள். முதல் வேலை அட்டையில் துளை குத்துவது. தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி அந்த அட்டைகளைக் கொண்டுதான் எந்த இழையைத் தூக்குவது, எதை விடுவது என்று தீர்மானிக்கும். துளை இருந்தால் இழை ஏறும், இல்லாவிட்டால் கிடக்கும். யாரோ வரைந்த கிராப் தாளை முன்னால் வைத்து, கட்டம் கட்டமாகப் படித்து, நாளெல்லாம் குத்த வேண்டும். ஆறு வருஷம் அப்படிக் குத்தியதில் அடுத்தவர் டிசைனில் இருக்கும் தப்பெல்லாம் அவள் விரலுக்குத் தெரியவந்தது. பிறகு ஒருநாள் தானே பென்சிலை எடுத்தாள். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. இப்போது ஐம்பத்திரண்டு வயது. கம்ப்யூட்டரில் வரையப் பழகியே பத்து வருஷம் ஆகிறது. என்றாலும் முதல் கோடு இன்றைக்கும் கிராப் தாளில், பென்சிலில்தான்.

அவளுக்கு அதிகம் வேலை கொடுப்பவர் சந்திரமோகன். ஆரணியில் ஜவுளிக் கடையும், சுற்றுவட்டாரத்தில் நாற்பது வீட்டுத் தறியும் வைத்து நடத்தும் முதலாளி. ஒரு சமயம் அவருக்கு மயில் டிசைன் வரைந்தாள். எல்லாரும் மயில் காலுக்கு மூன்று விரல் வரைவார்கள். இவள் பின்பக்கம் நாலாவதாக ஒரு விரல் வைத்தாள். அந்த ஒரு விரலுக்காக அட்டை நாலு கூடிப்போனது.

“மயில் கால யாரும் எண்ணிப் பாக்க மாட்டாங்க அபிதாம்மா” என்றார் சந்திரமோகன்.

“மயில் பாக்கும்ங்க” என்றாள் இவள்.

அந்த மயில் நாலு விரலோடுதான் நெய்யப்பட்டது. சந்திரமோகன் இன்றும் புது வியாபாரிகளிடம் இதைச் சொல்லிச் சிரிப்பார். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

இப்படிப்பட்டவளுக்கு 2024 ஆடி மாதத்தில் ஒரு வானம் வரையும் வேலை வந்தது.

போளூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண் மதிவதனி, நார்வே நாட்டின் வடகோடியில் ஆராய்ச்சி செய்கிறவள். சூரியனிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் வேகமாக வந்து விழும் துகள்கள் மேல் காற்றை என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் அவள் வேலை. தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். முகூர்த்தத்துக்கு அரக்குப் புடவை என்று அவள் அம்மா புஷ்பலதா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாள். முந்தின மாலை வரவேற்புக்கு மட்டும் மகள் தன் விருப்பப்படி கேட்டாள். தான் அங்கே குளிர்கால ராத்திரிகளில் பார்க்கிற துருவ ஒளி, வானத்தில் திரைபோல ஆடும் அந்த வண்ண வெளிச்சம், கரையில் வர வேண்டும். புடவையின் உடல் ராத்திரி மாதிரிக் கறுப்பாக இருக்க வேண்டும்.

புஷ்பலதா அன்றைக்குச் சந்திரமோகன் கடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கல்யாணப் பெண் கறுப்புக் கட்டினால் சொந்தபந்தம் பந்தியில் உட்காராமலே போய்விடும் என்றாள். வீடியோ அழைப்பில் மகள் கடுநீலம் வரைக்கும் இறங்கி வந்தாள். அம்மா அதுவும் கறுப்புதான் என்றாள். கடைசியில் இருவருக்கும் நடுவே அபிதகுசாம்பாளைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவள் நீளவாக்கில் ஓடும் பாவு இழை நீலமாகவும், குறுக்கே போகும் ஊடை பச்சையாகவும் போட்டு மயில்கழுத்து நெய்யலாம் என்றாள். அம்மாவுக்கு அது மங்கல நிறம். மகளுக்குக் கரையாவது தப்பியதே என்றிருந்தது.

அதோடு மதிவதனி ஒன்று சொன்னாள். புடவை யார் வரைந்தது என்று எல்லாரிடமும் சொல்லப்போவதாகவும், பேரைச் சரியாக எழுதித் தரும்படியும் கேட்டாள். முப்பது வருஷத்தில் அபிதகுசாம்பாள் வரைந்த டிசைன் எத்தனையோ ஊருக்குப் போயிருக்கிறது. கடைப் பேரோடு போனது, தறிக்காரர் பேரோடு போனது. வரைந்தவள் பேரைக் கேட்டவர் யாரும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து கணவர் சுப்பராயலுவிடம் இதை மூன்று தரம் சொன்னாள். அரிசி மில்லிலிருந்து களைத்து வந்திருந்த அவர் மூன்று தரமும் புதிதாகக் கேட்பதுபோலவே கேட்டுக்கொண்டார்.

பிறகு கேள்விகள் தொடங்கின. மதிவதனி படங்கள் அனுப்பியிருந்தாள். அடியில் மெல்லிய ரோஜா ஓரம், அதற்கு மேல் அகலமாகக் கிளிப்பச்சை, அதற்கும் மேலே மங்கிக்கொண்டே போகும் சிவப்பு. படத்தைப் பார்த்து நிறத்தை எடுத்துக்கொள்வது மற்றவர் வழக்கம். பச்சை ஏன் கீழே, சிவப்பு ஏன் மேலே என்று தெரியாமல் பென்சிலைத் தொடுவது அபிதகுசாம்பாளின் வழக்கம் இல்லை. மத்தியானம் ஒரு மணிக்கு இங்கே சாப்பாடு முடிந்தால் அங்கே காலை. வாரத்தில் இரண்டு நாள் அந்த நேரத்தில் போன் போகும். கேட்டதையெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொள்வாள்.

சூரியனிலிருந்து எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. பூமியின் காந்தம் அவற்றை நேரே உள்ளே விடாது. வளைத்துப் பின்பக்கம் கொண்டுபோகும். அங்கே வேகம் ஏறிய எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வடமுனைப் பக்கமும் தென்முனைப் பக்கமும் இறங்கும். தரைக்கு நூறு, இருநூறு கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அணுக்களில் மோதும். அடி வாங்கிய அணு, வாங்கியதை வெளிச்சமாகத் திருப்பிவிடும். இவ்வளவும் நோட்டில் முதல் இரண்டு பக்கத்தில் இருந்தது. மூன்றாம் பக்கத்தில்தான் அவள் கேட்ட கேள்விக்குப் பதில்.

“பச்சை விடறதும் ஆக்சிஜன்தான், செகப்பு விடறதும் ஆக்சிஜன்தான்க்கா” என்றாள் மதிவதனி. “பச்சை சுமார் ஒரு செகண்டுல முடிஞ்சிடும். செகப்பு வரணும்னா அந்த அணு கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷம் யார் மேலயும் இடிக்காம நிக்கணும். காலையில எட்டரை மணிக்கு ஆரணி பஸ் ஸ்டாண்டுல ரெண்டு நிமிஷம் இடி வாங்காம நிப்பீங்களா?”

“கையில கூடை இருந்தா அரை நிமிஷம் தாங்காது.”

“கீழ காத்து அப்படித்தான், ஒரே நெரிசல். இருநூறு கிலோமீட்டருக்கு மேல போனா ஆளே கெடையாது. அதனாலதான் செகப்பு எப்பவும் மேல.”

“அப்ப அடியில ரோஸ்?”

“ரொம்ப வேகமா வர்ற எலக்ட்ரான் மட்டும் அவ்ளோ ஆழம் எறங்கும். அது நைட்ரஜன் மேல மோதினா அந்தக் கலரு.”

அந்த வருஷம் மே மாதத்தில் லடாக்கில் வானம் சிவந்ததைத் தொலைக்காட்சியில் காட்டியிருந்தார்கள். அங்கே பச்சை ஏன் தெரியவில்லை என்று அடுத்த போனில் கேட்டாள். தூரத்து ஊரிலிருந்து பார்த்தால் திருவண்ணாமலையில் உச்சி மட்டும் தெரிகிறதே, அடிவாரம் மறைந்துவிடுகிறதே, அப்படித்தான் என்றாள் மதிவதனி. அந்த மாதிரி பெரிய சூரியப் புயலில் மேல் காற்று சூடேறி, பொங்குகிற பால் போல உயரக் கிளம்பும். தாழப் பறக்கும் செயற்கைக்கோள்களை அந்தக் காற்று உரசி இன்னும் கீழே இழுத்துவிடும். எவ்வளவு பொங்குகிறது, எத்தனை நாளில் அடங்குகிறது என்று கணக்கிடுவதில்தான் தன் காலம் போகிறது என்று சிரித்தாள். அபிதகுசாம்பாளுக்கு அந்தச் சிரிப்பு புரிந்தது. எண்ணுகிற வேலையில் இருக்கிறவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

பிறகு வரைய உட்கார்ந்தாள். படத்தைச் சுவரில் கண்ணுக்கு நேராக ஒட்டி வைத்தாள். கரையில் மூன்று நிறமும் பாவிலேயே வரும். எந்த நிறத்தில் எத்தனை இழை என்று சீட்டு எழுதினாள். அதன் மேல் வெள்ளி ஜரிகையில் கதிர்கள். துருவ ஒளியின் கீழ் விளிம்பு கத்தி வெட்டியதுபோல இருக்கும், மேல் விளிம்பு எங்கே முடிகிறதென்றே தெரியாது. அதனால் பச்சையின் அடியில் ஜரிகையை நெருக்கி, சிவப்பில் ஏற ஏற ஒவ்வொரு கட்டமாக விட்டுவிட்டுப் போட்டாள். பதினோரு நாள் ஆனது. எப்போதும்போல ஒரு கரைக்கு மட்டும்தான் வரைந்தாள். தறியில் கயிறு கட்டியிருக்கும் விதத்தில், ஒரு கரையில் வருவது மறு கரையில் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பித் தானாக விழும். ஆரணியில் யாரும் இரண்டு கரைக்கும் தனித்தனியாக வரைவதில்லை.

டிசம்பர் மழையில் சாயம் போட்ட நூல் காயாமல் வேலை தள்ளிப்போனது. மார்கழி பாதியில்தான் முள்ளிப்பட்டில் கந்தசாமியின் தறியில் பாவு ஏறியது. கந்தசாமியின் கரை நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும். அதில் அவருக்குத் தலைக்கனமும் உண்டு. எட்டு நாள் கழித்து அபிதகுசாம்பாள் பார்க்கப் போனாள். கந்தசாமி பாவைத் தளர்த்தி, நெய்து சுருட்டியிருந்ததில் ஒன்றரை முழம் வெளியே இழுத்தார். அவர் மனைவி கெங்கம்மாள் ஆசையாக வந்து, தரையில் குந்தி, கரையைத் தன் பாதத்துக்கு மேல் வைத்துப் பார்த்தாள்.

“கால்கிட்ட செகப்பு, அதுக்கு மேல பச்சை. எவ்ளோ எடுப்பா கீது பாருக்கா” என்றாள்.

அபிதகுசாம்பாள் அப்போதுதான் பார்த்தாள். வானம் தலைகீழாக இருந்தது.

கிராப் தாளின் மேல்கோடுதான் புடவையின் வெளி ஓரம். அந்த ஓரம், கட்டுகிறவளின் பாதத்துக்குப் போகும். அதனால் கோபுரக் கரை வரைகிறபோது கலசம் தாளில் கீழே பார்த்திருக்கும். அன்னம் தலைகீழாக நிற்கும். இந்தத் தொழிலில் முதல் மாதமே கைக்கு வந்துவிடும் பழக்கம் அது. கோபுரத்தையும் அன்னத்தையும் முப்பது வருஷமாகத் தலைகீழாகவே வரைந்த கை, இந்த வானத்தை மட்டும் சுவரில் இருந்தபடியே நிமிர்த்தி வரைந்திருந்தது. படத்தின் மேல் தாளின் மேலாகி, தாளின் மேல் புடவையின் வெளி ஓரமாகி, சிவப்பு பாதத்துக்குப் போய்விட்டது. வெளி ஓரத்தில் அரக்கும் சிவப்பும் வருவது இந்தப் பக்கத்தில் சகஜம். ஆகவே சாயம் போட்டவரும் பாவு ஓட்டியவரும் கந்தசாமியும் ஒன்றும் கேட்கவில்லை.

சொன்னபோது கெங்கம்மாள், திருப்பிக் கட்டிக்கொண்டால் சரியாகிவிடாதா என்றாள். அபிதகுசாம்பாள் தலையை ஆட்டினாள். இரண்டு கரையும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. எப்படித் திருப்பினாலும் சிவப்பு வெளி ஓரம்தான், ரோஜா உள்பக்கம்தான். கல்யாணத்துக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது. புதுச் சாயம் போட்டு, காய வைத்து, பாவு ஓட்டி, இழை இழையாகப் பிணைத்து, நெய்து முடிக்க அது போதாது.

சந்திரமோகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, புடவை அழகாக இருக்கிறது, அப்படியே கொடுத்துவிடலாம் என்றார். கல்யாணத்துக்கு வருகிறவர்களில் அந்த வானத்தைப் பார்த்தவர் யார் இருக்கப்போகிறார்கள் என்று கேட்டார்.

“நார்வேலேர்ந்து மதி கூட வேலை செய்றவங்க எட்டு பேரு வராங்களாம்ங்க.”

“எட்டு வெள்ளக்காரங்க. அவங்க புடவை பார்டரையா பாக்கப்போறாங்க?”

“எட்டு பேருக்கும் இதைப் பாக்கறதுதான் பொழப்பு.”

சந்திரமோகன் நாற்காலியில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்தார். மயில் விரலை எண்ணுகிற எட்டு மயில்கள் ஒன்றாகப் பஸ்ஸில் வந்து இறங்குவதுபோல அவருக்கு இருந்திருக்க வேண்டும். மறைக்கச் சொல்லி அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளே பேசிக்கொள்ளட்டும் என்றார்.

மறுநாள் காலை அபிதகுசாம்பாள் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். எங்கே தவறினோம் என்று தெரிந்தால் சொல்வதற்கு ஒழுங்காக இருக்கும் என்று நினைத்தாள். முதல் பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: வடமுனைப் பக்கமும் தென்முனைப் பக்கமும். அதைப் படித்ததும் நின்றுவிட்டாள். வடக்கைப் பற்றி ஆறு மாதமாக எத்தனையோ கேட்டிருக்கிறாள். தெற்கைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

போனில் தேடினால் தென்முனைப் படங்களும் இருந்தன. சுப்பராயலு அன்று மில்லுக்குப் போவதற்கு முன்னால் வடக்கில் ஒன்றும் தெற்கில் ஒன்றுமாக இரண்டு படத்தைப் பிரின்ட் போட்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். தெற்கிலும் அடியில் ரோஜா, நடுவில் பச்சை, மேலே சிவப்புதான். மேஜையில் மயில்கழுத்துத் துணித்துண்டு ஒன்றை நீளமாக விரித்து, இதுதான் பூமி என்று வைத்துக்கொண்டாள். வடக்குப் படத்தை அதன் மேல்பக்கத்தில் வைத்தாள். தரை துணியைத் தொட்டது, சிவப்பு வெளியே நின்றது. தெற்குப் படத்தைக் கீழ்ப்பக்கத்தில் நிமிர்த்தி வைத்தால் சிவப்பு பூமியைத் தொடுகிறது, தரை ஆகாயத்தில் தொங்குகிறது. அது எப்படி ஆகும்? தரை என்றால் பூமியோடுதான் சேர வேண்டும். படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள்.

உள்ளே பூமி. அதையொட்டி இரண்டு பக்கமும் ரோஜா, அப்புறம் பச்சை. இரண்டு வெளி ஓரத்திலும் சிவப்பு. முள்ளிப்பட்டுத் தறியில் இருப்பது இதுதான்.

எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து மறுபடி பார்த்தாள். மாறவில்லை. ஒரு மணி ஆவதற்குள் ஏழு தரம் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“மதி, ரெண்டு விஷயம். மொதல்ல தப்பு, அப்பால கேள்வி” என்று ஆரம்பித்தாள்.

தப்பை மிச்சம் வைக்காமல் சொன்னாள். கிராப் தாளில் மேல் எது, கீழ் எது, தன் கை எங்கே மறந்தது, கட்டினால் காலடியில் எப்படித் தெரியும், மாற்ற ஏன் நாள் போதாது, எல்லாம். பிறகு மதிவதனி, பரவாயில்லை அக்கா என்றாள். குரல் மரியாதையாக இருந்தது. அந்த மரியாதைதான் சுருக்கென்று தைத்தது.

“இப்ப கேள்வி. தெற்கு முனையில நிக்கறவனுக்கு செகப்பு எங்க இருக்கும்?”

“அவனுக்கும் தலைக்கு மேலதான்க்கா. பூமிய விட்டு எட்டி.”

“வடக்குல வெளிச்சம் வர்றப்ப தெற்குலயும் வருமா?”

“பெரும்பாலும் ஒரே நேரத்துலதான் வரும். ஒரே காந்தக் கோட்டோட ரெண்டு முனைதான அது. கண்ணாடி பிம்பம் மாதிரி...”

சொல்லி முடிக்காமலே மதிவதனிக்குப் புரிந்துவிட்டது.

“அக்கா, ஒடம்பு இன்னா கலரு?”

“மயில்கழுத்து. உங்கம்மா கறுப்பு வேணாம்னாங்களே.”

அந்தப் பக்கம் எழுந்த சிரிப்பு போனைக் காதைவிட்டு எட்டிப் பிடிக்க வைத்தது. நீலமும் பச்சையும் கலந்த பூமி, மேலே ஒரு வானம், கீழே ஒரு வானம் என்று மதிவதனி பாதித் தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் சொல்லிக்கொண்டே போனாள். அபிதகுசாம்பாள் அதை நிறுத்தினாள்.

“சிரிச்சிட்டேன்னு ஒத்துக்காத. நான் நெனைச்சு வரைஞ்சது இல்ல இது, தப்பா வரைஞ்சது. நேர்ல வந்து கட்டிப் பாரு. மனசுல ஒரு ஓரத்துல உறுத்தினாலும் முதலாளி கடையில வேற புடவை எடுத்துக்கோ. என் பேர் எங்கயும் வேணாம்.”

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது மதிவதனி அம்மாவோடு முள்ளிப்பட்டுக்கு வந்தாள். அன்றுதான் புடவை தறியை விட்டு இறங்கியிருந்தது. விஷயம் தெரிந்திருந்த புஷ்பலதா வாசலிலேயே, வானம் காலடியில் கவிழ்ந்து கிடக்கிறதாமே, நல்ல காரியத்துக்கு இது ஆகுமா என்று தொடங்கினாள். கெங்கம்மாள் அவளுக்கு மோர் கொடுத்துக் கொஞ்சம் ஆற வைத்தாள். மதிவதனி புடவையை வாங்கி, சுடிதார் மேலேயே சுற்றி, முந்தானையைத் தோளில் விரித்துப் போட்டுக்கொண்டு பீரோ கண்ணாடி முன்னால் நின்றாள்.

அபிதகுசாம்பாள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. மதிவதனியின் முகத்தையும் பார்க்கவில்லை. கீழே, அந்தப் பெண்ணின் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலடியில் மட்டும் பார்த்தால் அது தலைகீழான வானம்தான், சந்தேகமில்லை. ஆனால் மார்பின் குறுக்கே ஏறித் தோளில் விழும் இடத்தில் இரண்டு கரையும் ஒன்றாகத் தெரிந்தன. நடுவில் மயில்கழுத்து பளபளவென்று ஒருபுறம் நீலமாகவும் திரும்பினால் பச்சையாகவும் மாறியது. அதன் இரண்டு பக்கமும் ஜரிகைக் கதிர்கள் பச்சையில் நெருங்கி நின்று, சிவப்புக்குள் போய்க் கரைந்தன. மதிவதனி அம்மாவைக் கிட்டே இழுத்து, தோளில் மயில்கழுத்தின் மேல் விரலை வைத்து, இது பூமி, இது நாம் என்றாள். மேல் கரையைத் தொட்டு, இது என் வீட்டு ஜன்னல் என்றாள். கீழ் கரையைத் தொட்டு, இங்கே பெங்குவின் நின்று பார்க்கும் என்றாள்.

“பெங்குவினுக்கு நேரா தெரியுதா?” என்று கேட்டாள் புஷ்பலதா.

“தெரியுதும்மா.”

“அப்ப சரி” என்று மோரை முடித்தாள் புஷ்பலதா.

மதிவதனி திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“அக்கா, நான் கேட்டது நான் பாக்கற வானம். நீங்க குடுத்தது மொத்த பூமி. இதைத்தான் கட்டுவேன். உங்க பேரை எழுதித் தாங்க, ஸ்பெல்லிங்கோட.”

அபிதகுசாம்பாள் நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து, பேரைத் தமிழிலும் இங்கிலீஷிலும், ஒவ்வோர் எழுத்தாக, கட்டத்துக்குள் எழுதுவதுபோல எழுதிக் கொடுத்தாள். அந்தப் பாவில் இன்னும் இரண்டு புடவைக்கு இழை இருந்தது. அதை யாருக்கும் கொடுக்க வேண்டாம், கூட வேலை செய்கிற இருவர் வேட்டி கட்டப் பழகுகிறார்கள், பெண்கள் இருவருக்குப் புடவை வேண்டும் என்று மதிவதனி சொல்லிவிட்டுப் போனாள்.

வரவேற்பு போளூரில் ஒரு மண்டபத்தில். அபிதகுசாம்பாள், சுப்பராயலு, சந்திரமோகன், கந்தசாமி, கெங்கம்மாள் எல்லாரும் ஒரே வேனில் போனார்கள். எட்டுப் பேரும் மல்லிகைப் பூவும் சந்தனமுமாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மதிவதனி மேடை ஏறியதும் அவர்களில் நெட்டையாக இருந்த ஒருவர் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தார். காலடியைப் பார்த்தார், புருவம் சுருங்கியது. தோளைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரை இடித்தார். பிறகு எட்டுப் பேரும் எழுந்து, போட்டோகிராபர் கத்துவதையும் கேட்காமல், மேடைக்குக் கிட்டே போய் நின்றுகொண்டார்கள். ஒருவர் தெற்கு, தெற்கு என்று கையைக் கீழே காட்டி மற்றவர்களுக்கு விளக்கினார். மதிவதனி ஒலிபெருக்கியை வாங்கி, இதை வரைந்தவர் ஆரணி அபிதகுசாம்பாள், நெய்தவர் முள்ளிப்பட்டு கந்தசாமி என்று இரண்டு மொழியிலும் சொல்லி, இருவரையும் மேலே கூப்பிட்டாள். பேரின் ஓர் எழுத்தும் பிசகவில்லை. அபிதகுசாம்பாள் மேடைப் படியை எண்ணிக்கொண்டே ஏறினாள். ஐந்து படி.

நெட்டையானவர் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். மதிவதனி சிரிப்பை அடக்கிக்கொண்டு தமிழில் சொன்னாள். எல்லாம் சரியாக இருக்கிறதாம். ஒரே ஒரு குறைதானாம். நிஜத்தில் வடக்கும் தெற்கும் அச்சாக ஒன்றுபோல இருப்பதில்லை, சூரியனிலிருந்து வரும் துகள்கள் சாய்த்து அடிக்கும்போது ஒரு பக்கம் கொஞ்சம் நகர்ந்துவிடும், அதைத்தான் அவர் இருபது வருஷமாக அளந்துகொண்டிருக்கிறார். இந்தப் புடவையில் இரண்டு கரையும் இம்மிகூட நகராமல் ஒன்றுபோல இருக்கின்றனவாம்.

அபிதகுசாம்பாள் உடனே எவ்வளவு நகரும், எந்தப் பக்கம் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் கந்தசாமி முந்திக்கொண்டார்.

“அது வானத்தோட கோளாறுன்னு அவர்கிட்ட சொல்லும்மா. என் தறியில அதெல்லாம் ஆவாது.”